ரெண்டுங்கெட்டானுக்கு எத்தனை மார்க்?

கார் வாங்கினவர்கள் காரைப் பற்றி உடனே உண்மையைச் சொல்லிவிட மாட்டார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவது மாதிரிதான். முதல் ஐந்து நிமிடம் எல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம். ஆறாவது நிமிடத்தில்தான், "ஆனா ஒண்ணு..." என்று இழுப்பார்கள். அந்த "ஆனா ஒண்ணு"க்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் அவளுடைய வேலை.

மூன்றாவது மாடியில் ஒரு நீளமான அறை. இருபது மேசை, இருபது போன். வண்டி வாங்கி ஆறு மாதம் ஆனவர்களைக் கூப்பிட்டு, வண்டியோடு குடித்தனம் எப்படி நடக்கிறது என்று விசாரித்து, பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒன்றரை வருடமாக அவள் மேசைக்கு ஒரே வண்டிதான். குடும்பத்துக்கென்றே செய்த சின்ன கிராஸ்ஓவர். கார் மாதிரி உட்காரலாம், ஜீப் மாதிரி உயரமாக இருக்கும், பார்க்கிங்கில் அடங்கிவிடும். நானூற்றுப் பதினொரு பேரிடம் அதைப் பற்றிக் கேட்டிருந்தாள்.

அதன் நல்லது கெட்டது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். முட்டி வலிக்காரர்கள் எல்லாரும் அதைப் புகழ்வார்கள், குனியாமல் ஏறலாம். பின்சீட்டில் மூன்று பேர் உட்காரலாம், நடுவில் உட்காருகிறவர் வேண்டாதவராக இருந்தால். டிக்கியில் குழந்தையின் தள்ளுவண்டியை வைத்தால் பெட்டி போகாது, பெட்டியை வைத்தால் தள்ளுவண்டி போகாது. பெல்ட் போடாவிட்டால் அது கத்துகிற கத்தலில் தூங்கும் பிள்ளை எழுந்துவிடும். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு ஏழு மார்க் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "பத்துக்குப் பத்து நான் யாருக்கும் போட்டதில்லம்மா" என்றார்.

இத்தனை பேர் வாயால் கேட்ட பிறகுதான் அவள் அதை வீட்டுக்கு வாங்கினாள். பிழை திருத்துகிற வேலையை வீட்டிலிருந்தே பார்த்துவந்த அவள் புருஷனுக்கு நீளமான, தாழ்வான கார்தான் ஆசை. "இது காருமில்ல ஜீப்புமில்ல. ரெண்டுங்கெட்டான்" என்றார். அவள் விடவில்லை. முந்நூறு பேர் சொல்வது பொய்யா, நீங்கள் ஒருத்தர் சொல்வது மெய்யா என்று கேட்டு வாயை அடைத்தாள். ஓட்டத் தெரிந்தவர் அவர். அவளுக்கு ஓட்டத் தெரியாது. ஆனாலும் வண்டி அவள் வண்டி ஆகிவிட்டது. அதில் விழுகிற ஒவ்வொரு கீறலும் அவள் மேல் விழுந்தது மாதிரி இருந்தது.

கீறலுக்குப் பஞ்சமில்லை. மூன்று மாதத்தில் நாலு. பக்கக் கண்ணாடி ஒன்று கேட்டில் இடித்து உடைந்தது. "வண்டி இழுக்குது" என்று சர்வீஸுக்கு விட்டார். சக்கரமெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். மறுபடி விட்டார். மறுபடியும் அதையே எழுதிக் கொடுத்தார்கள்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று அவள் ஒருநாள் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவர் வண்டியைப் பற்றி வீட்டில் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவளும் ஜெயித்துவிட்டோம் என்று இருந்தாள்.

அன்றைக்கு மத்தியானம் மூன்றரை மணி வாக்கில் திரையில் அடுத்த எண் வந்தது. கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எண்தான். வண்டி அவர் பேரில் இருந்தது. ஆறு மாதம் முடிந்திருந்தது.

சொந்தக்காரர் எண் வந்தால் தான் பேசக் கூடாது, பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது அந்த ஆபீஸ் சட்டம். பக்கத்து மேசையில் இருந்தவளை எல்லாரும் தேன் என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. சண்டைக்கு வருகிறவர்கள்கூட அவளிடம் பேசி முடிக்கும்போது நன்றி சொல்லிவிட்டுத்தான் வைப்பார்கள்.

"எங்க வீட்டுக்காரர்டி" என்றாள். "நீ பேசு. நான் கேக்குறேன்."

"கேக்கக் கூடாதுக்கா."

"சும்மா பேசு. என் முதுகுக்குப் பின்னால என்ன சொல்றாருன்னு பாப்போம்."

புதிதாகச் சேருகிறவர்கள் கேட்டுப் பழகுவதற்காக ஒவ்வொரு போனிலும் இன்னொரு ஹெட்போன் செருக இடம் உண்டு. அவள் தன்னுடையதைப் பிடுங்கித் தேனின் போனில் செருகிக்கொண்டாள். விளையாட்டுத்தான். பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் எடுத்தார். தேன் சட்டப்படி முதல் கேள்வியைக் கேட்டாள்: "சார், இப்ப வண்டி ஓட்டிட்டு இருக்கீங்களா?"

"இல்லம்மா, வீட்லதான். நாலே காலுக்குக் கிளம்பணும். பொண்ணு ஸ்கூல்ல பாட்டு கிளாஸ் முடிஞ்சு நாலரைக்கு வருவா."

"பதினஞ்சு நிமிஷம் போதும் சார்."

"என் வீட்டுக்காரியும் இந்த வேலைதான் பாக்குறா. உங்க ஆபீஸாக்கூட இருக்கலாம். நான் சொல்றது அவகிட்டப் போகாதுல்ல?"

தேன் ஒரு கணம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "பேர் போட்டு யார்கிட்டயும் போகாது சார்" என்றாள். அது அச்சடித்த பதில். பொய் இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குக் காது சுட்டது. அப்போதே ஹெட்போனைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை.

அவர் பேச ஆரம்பித்தார். அடேயப்பா, மனுஷன் என்னமாய்ப் பேசினார்! வீட்டில் மாதக் கணக்காக வாய் திறக்காதவர், முன்பின் தெரியாத பெண்ணிடம் மடை திறந்த மாதிரி கொட்டினார். சீட் நல்ல சீட். ஏசி நல்ல ஏசி. எஞ்சின் சத்தமே தெரியாது. ஆறாவது நிமிடம் வந்தது.

"ஆனா ஒண்ணும்மா. இடது பக்கக் கண்ணாடி ரொம்பச் சின்னது. பின்னால வர்றவன் பக்கத்துல வந்து நிக்கிற வரைக்கும் தெரிய மாட்டேங்குது."

அவளுக்கு ஒரு பழக்கம். யார் என்ன குறை சொன்னாலும் ஒரு நோட்டில் குறித்து, அதே குறையை இதற்கு முன் எத்தனை பேர் சொன்னார்கள் என்று பக்கத்தில் எண் போடுவாள். கம்பெனி கேட்காத கணக்கு. அவள் சொந்தத் திருப்திக்கு. கை தன்னால் நோட்டைத் திறந்தது. இடது கண்ணாடி: ஒருவர். அந்த ஒருவரின் கண்ணாடி ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது.

"முன்னால இருக்கே தூண், கண்ணாடிக்குப் பக்கத்துல. இடது பக்கத் தூண் தடிமன் ஜாஸ்தி. ஆளையே முழுங்கிடுது. போன வாரம் ஒரு சைக்கிள்காரர் எங்கேருந்து வந்தார்னே தெரியல. கடவுள் புண்ணியம்."

இதை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. நோட்டைப் புரட்டினாள். தூண்: யாருமில்லை.

"வலது பக்கத் தூண் எப்படி சார்?" படிவத்தில் அடுத்த கேள்வி அதுதான்.

"அது மெல்லிசா இருக்கு. அதுல ஒரு கஷ்டமும் இல்ல."

இரண்டு தூணும் ஒரே அளவு. கம்பெனிப் புத்தகத்தில் அளவுகூடப் போட்டிருக்கிறது. அவள் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"நடுவுல இருக்கிற ஸ்கிரீன் சார்?"

"பாதிதான் எரியுது. இடது பாதி மங்கல். சர்வீஸ்ல கேட்டா நல்லாத்தான் எரியுதுங்கறாங்க. அவங்களுக்குக் கண்ணு தெரியல போல."

யாருமில்லை. வண்டி இடது பக்கம் இழுக்கிறது: யாருமில்லை. இடது பக்கம் வெளிச்சம் போதவில்லை: யாருமில்லை. நானூற்றுப் பதினொரு பேரில், குட்டையானவர், நெட்டையானவர், கண்ணாடி போட்டவர், புதிதாக ஓட்டக் கற்றவர், எத்தனை விதமான மனுஷர்! அந்த விரிசல் கண்ணாடிக்காரரைத் தள்ளிவிட்டால், ஒருவர்கூடச் சொல்லாத ஐந்து குறை. ஐந்தும் ஒரே பக்கம்.

பேனாவைக் கீழே வைத்தாள்.

காபி. காலையில் மேசையில் அவருக்கு இடது கைப்பக்கம் வைத்துவிட்டு வந்த காபி, சாயங்காலம் ஆடை கட்டி அப்படியே இருக்கும். "என் காபி அவ்வளவு மட்டமாப் போச்சா" என்று எத்தனை நாள் முறைத்திருக்கிறாள். இரண்டு மாதம் முன்பு பதிப்பகத்துக்காரர் ஒரு கட்டுத் தாளைத் திருப்பி அனுப்பினார். விட்டுப்போன பிழைகளுக்கெல்லாம் சிவப்பு வட்டம். எல்லா வட்டமும் வரியின் ஆரம்பத்திலேயே, ஏணி மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாக. பார்த்து, "தூங்கி வழிஞ்சுகிட்டே திருத்தினீங்களா?" என்று சிரித்திருக்கிறாள். சிரித்திருக்கிறாள், பாவி!

வண்டியில் குறை இல்லை. அவருக்குத்தான் இடது பக்கம் தெரியவில்லை. கண்ணோ, தலைக்குள்ளேயோ, என்னவோ. அந்த மனுஷர் இன்னும் அரைமணியில் சாவியை எடுத்துக்கொண்டு, பள்ளி விடுகிற நேரத்துத் தெருவில், நூறு பிள்ளைகளுக்கு நடுவே போகப் போகிறார். திரும்பும்போது அவளுடைய எட்டு வயதுப் பெண் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பாள். இடது பக்கத்தில். எப்போதும் இடது பக்கத்தில்தான் உட்காருவாள்.

ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதித் தேனின் முன்னால் நகர்த்தினாள்: "விடாதே. பெரிய படிவம் கேள். நான் வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை பேசு."

பெரிய படிவம் எழுபத்திரண்டு கேள்வி. வேலை வெட்டி இல்லாதவர்கள்கூட இருபதாவது கேள்வியில் போனை வைத்துவிடுவார்கள். தேன் புருவத்தை உயர்த்தினாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினாள்.

"சார், உங்கள மாதிரி விவரமா யாருமே சொல்றதில்ல. இன்னும் கொஞ்சம் கேள்வி இருக்கு, கேக்கட்டுமா? நீங்க சொன்னா வண்டி செய்யறவங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்."

"கேளும்மா" என்றார் அவர். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் அவள் நெஞ்சில் குத்தியது. மூன்று மாதமாக வீட்டில் ஒருத்தியும் அவரைப் பொறுமையாக எதுவும் கேட்கவில்லை. கேட்பதையே தொழிலாக வைத்திருப்பவள் உட்பட.

மேற்பார்வையாளர், "எங்கம்மா கிளம்பிட்டீங்க?" என்றார். "வீட்ல அவசரம்" என்று சொல்லிக்கொண்டே லாக்கரிலிருந்து போனை எடுத்தாள். மூன்று மாடியையும் படியிலேயே இறங்கினாள். லிப்டுக்குக் காத்து நிற்கக் காலுக்குப் பொறுமையில்லை.

ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் யோசிக்க முடிந்தது. அவருக்கே போன் பண்ணிவிடலாமா? என்ன சொல்வது? ஒட்டுக் கேட்டேன் என்றா? உங்களுக்கு ஒரு பக்கம் தெரியவில்லை, வண்டியைத் தொடாதீர்கள் என்றா? அவளுக்குத் தெரியாதா அவரை! "என்னைக் குருடங்கிறியா" என்று கேட்டுவிட்டு, அந்தக் கோபத்திலேயே சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். இப்போது போனில் இருக்கிறார். போனில் இருக்கும் வரை நாற்காலியில் இருப்பார். அந்த ஒரு நூலில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கு அடித்தாள். பள்ளி ஆபீஸில் இருந்த அம்மாள் ஒருவர் எடுத்தார்.

"இன்னிக்கு என் பொண்ணைக் கூட்டிட்டுப் போக நான்தான் வருவேன். கொஞ்சம் லேட்டாகும். உள்ளேயே உட்கார வைங்க. அவங்க அப்பா வந்தா அனுப்பாதீங்க."

"ஏதாவது பிரச்சினையாம்மா?"

"அப்படியெல்லாம் இல்லைங்க."

"பொண்ணை உட்கார வைக்கிறோம். ஆனா அப்பா வந்து நின்னா எப்படிம்மா அனுப்ப மாட்டேன்னு சொல்றது? அப்பாவாச்சே."

அதுவும் நியாயம்தான். ஊர் உலகத்தில் எந்த அப்பாவைப் பற்றி இப்படிச் சொல்வார்கள்? முன்னால் ஒரு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. ஆட்டோக்காரர் நிதானமாக எஞ்சினை அணைத்தார்.

"அண்ணே, கொஞ்சம் சீக்கிரம்ணே."

"பறக்கவாம்மா சொல்றீங்க?"

மூன்று ஐம்பத்தைந்து. தேனுக்குச் செய்தி அனுப்பினாள். போன்களை லாக்கரில் பூட்டுகிற ஆபீஸில் செய்தி அனுப்பி என்ன பயன் என்பது அனுப்பின பிறகுதான் உறைத்தது. இப்போது எத்தனையாவது கேள்வி? முப்பதா? முப்பத்தைந்தில் தண்ணீர் பாட்டில் வைக்கிற இடத்தைப் பற்றி வரும். நாற்பதில் பின்சீட்டை மடக்குவது பற்றி. பள்ளிக்கூடப் பிள்ளை செய்யுள் ஒப்பிப்பது போல் கேள்விகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். புருஷன் வளவளவென்று பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் மனைவி அவளாகத்தான் இருக்கும்.

நாலு பதினான்குக்கு ஆட்டோ தெருமுனை திரும்பியது. வீட்டு வாசலில் கார் நின்றது. நின்றதைப் பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"போயிடாதீங்கண்ணே, இங்கேயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள்.

அவர் ஜன்னல் பக்கத்து மேசையில், கதவு தனக்கு இடது புறம் வருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். கிளம்பத் தயாராகச் சட்டை மாற்றியிருந்தார். வலது கையில் சாவி. அவள் பேசாமல் கதவருகே நின்றாள். அவர் திரும்பவில்லை.

"போதும்மா, நேரமாச்சு. பொண்ணு காத்துட்டிருப்பா."

"கடைசி ஒண்ணே ஒண்ணு சார்." தேனுக்குக் குரல் கட்டியிருந்தது. "உங்களுக்கு வேண்டியவங்க இந்த வண்டிய வாங்கலாமான்னு கேட்டா, பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

அவர் கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்து."

"பத்தா சார்? இவ்வளவு குறை சொன்னீங்களே?" எடுத்துக் கொடுக்கிற மாதிரி எதுவும் கேட்கக் கூடாது என்பது முதல் சட்டம். தேன் அதையும் மீறிவிட்டாள்.

"குறை வண்டியில இல்லம்மா."

அவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். மேசைக்கும் அவளுக்கும் ஒரு கை தூரம்தான்.

"ரெண்டு மாசமாத் தெரியும்" என்றார் அவர் போனிடம். "முதல்ல வண்டிதான்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். அப்புறம் தாள்லயும் அதே மாதிரி ஆச்சு. தாளுக்கு ஏதும்மா தூணு? அப்பவே தெரிஞ்சு போச்சு. ஆனாலும் வண்டியத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். வண்டி திருப்பித் திட்டாது பாரு."

"அப்ப ஏன் சார் ஓட்டுறீங்க?" தேன் கிட்டத்தட்ட அழுதுகொண்டிருந்தாள்.

"ஓட்டலைன்னா ஏன்னு கேப்பா. கேட்டாச் சொல்லணும். சொன்னா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவா. போனா அதுக்கு ஒரு பேர் சொல்லிடுவாங்க."

அவளுக்கு அப்போது வந்த கோபத்தில் அந்த மேசையையே புரட்டியிருப்பாள். தெரிந்து, தெரிந்தே, பிள்ளையை அதில் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறார்! இரண்டு மாதம்! அதே நேரம் அந்தத் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

அவர் நன்றி சொல்லிப் போனை அணைத்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சாவியைக் கீழ வைங்க."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். தலை மட்டுமல்ல, உடம்பு முழுவதும் திரும்பிய பிறகுதான் அவளைக் கண்டுபிடித்தார்.

"நீ எப்ப வந்தே?"

"நீங்க பத்து மார்க் போடறதுக்கு முன்னாடியே வந்துட்டேன்."

"எங்க நின்னே?"

"இங்கதான்."

அவர் அவளுடைய காலைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தார்.

"இங்கயேவா நின்னே?" என்று மறுபடி கேட்டார். குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"இங்கயேதாங்க" என்றாள் அவள்.

அவர் சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை; கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டோ நிக்குது. முதல்ல குட்டியக் கூப்பிட்டுக்குவோம். அப்புறம் மூணு பேருமா டாக்டர்கிட்டப் போவோம்" என்றாள். "பேர் சொன்னாச் சொல்லட்டும்."